இஸ்ரோ ராக்கெட்டை உண்மையில் எங்கே செய்கிறார்கள், ஸ்ரீஹரிகோட்டாவிலா?

டிவியில் காட்டுவது ஸ்ரீஹரிகோட்டாவை மட்டும்தான் என்பதால் அப்படித் தோன்றும். வடிவமைப்பு வேலை பெரும்பாலும் திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவில், விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் நடக்கிறது. 1963 நவம்பர் 21 அன்று நைக்-அப்பாச்சி என்ற குட்டி ராக்கெட் கிளம்பியதும் அதே கடற்கரையில்தான். திரவ எரிபொருள் என்ஜின்களை வடிவமைக்க வலியமலையில் தனி மையம் உண்டு. உலோகக் கூடுகள், என்ஜின் பாகங்கள் பலவும் வால்சந்த்நகர், கோத்ரெஜ் போன்ற தனியார் ஆலைகளில் செய்து வருபவை.

ஆனால் என்னைக் கேட்டால் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியைத்தான் முதலில் சொல்வேன். நான் பணகுடிப் பக்கத்து ஆள், கொஞ்சம் ஊர்ப்பாசம் இருக்கும்தான்! என்ஜினை ஸ்டாண்டில் இறுக்கிக் கட்டி, தரையிலேயே ஓடவிட்டுப் பார்க்கும் இடம் அது. சின்ன வயதில் மலைப் பக்கம் உறுமல் கேட்டால், "என்ஜின் ஓட்டுறாங்க" என்பதோடு எங்கள் வீட்டில் பேச்சு முடிந்துவிடும்.

கிரையோஜெனிக் என்ஜினில், அதாவது கடுங்குளிரில் திரவமாக்கிய வாயுக்களில் ஓடும் என்ஜினில், இந்தச் சோதனை ஏன் இவ்வளவு முக்கியம்? மைனஸ் 253 டிகிரியில் திரவ ஹைட்ரஜன், மைனஸ் 183-ல் திரவ ஆக்சிஜன். இரண்டையும் அசுர வேகத்தில் சுற்றும் பம்புகள் எரியும் அறைக்குள் தள்ள வேண்டும். அந்த அறைக்குள் வெப்பம் சுமார் 3000 டிகிரி. 2010 ஏப்ரல் 15 அன்று நாமே செய்த கிரையோஜெனிக் என்ஜினோடு போன ஜி.எஸ்.எல்.வி. டி3 ராக்கெட், எரிபொருள் பம்ப் நின்றுபோனதால் கடலில் விழுந்தது. அப்புறம் மகேந்திரகிரியில், உயரத்தில் இருக்கும் வெற்றிடம் போன்ற சூழலை உண்டாக்கி, அதற்குள் என்ஜினைப் பற்றவைத்துப் பார்த்தார்கள். 2014 ஜனவரி 5 அன்று அதே வகை ராக்கெட்டான ஜி.எஸ்.எல்.வி. டி5 ஜெயித்தது.

சரி, ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுவது மட்டும்தானா என்றால், இல்லை. இஸ்ரோவின் பெரிய ராக்கெட்டான எல்.வி.எம்.3-இன் இரண்டு பக்கமும் நிற்கும் பூஸ்டர்களில் (கிளம்பும்போது தள்ளிவிடும் துணை ராக்கெட்டுகள்), ஒவ்வொன்றிலும் சுமார் 200 டன் திட எரிபொருள் இருக்கிறது. அதைக் குழம்பாகக் கலந்து கூட்டுக்குள் ஊற்றி இறுக வைப்பது அங்கேதான். நடுவில் விடும் துளையின் வடிவத்தை வைத்தே எந்த நொடியில் எவ்வளவு உந்துவிசை கிடைக்கும் என்பதை முடிவு செய்கிறார்கள். ஒருமுறை பற்றவைத்துவிட்டால் அணைக்க வழி கிடையாது.

வேலையை மனதில் வைத்துக் கேட்டிருந்தால்: பொறியாளர்களுக்கு இஸ்ரோ பொதுவாகத் தேர்வு வைக்கிறது. ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்தவர்கள் தும்பா, மகேந்திரகிரி மையங்கள் தனித்தனியாக வெளியிடும் அறிவிப்புகளைப் பாருங்கள்.