உறைந்த ஆற்றின் மேல் நடக்கலாமா?

கேள்வி: என் மகன் சீனாவின் ஹார்பின் நகரில் மருத்துவம் படிக்கிறான். குளிர்காலத்தில் அங்குள்ள சோங்ஹுவா ஆறு உறைந்ததும், நண்பர்களோடு அதன்மேல் நடந்தே மறுகரைக்குப் போகிறார்களாம். படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. தடுக்கட்டுமா?

பதில்: ஜனவரியில் என்றால் தடுக்க வேண்டாம், அம்மா. நவம்பர் கடைசியிலும் மார்ச்சிலும் என்றால் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள்.

ஒருவர் நடக்க, தெளிந்த பனிக்கட்டி 10 சென்டிமீட்டர் கனம் இருந்தால் போதும். ஹார்பினில் ஜனவரி இரவுகளில் மைனஸ் 25 டிகிரி வரை போவது சாதாரணம். அப்போது ஆற்றின் மேல் அதைவிடப் பல மடங்கு கனமாகப் பனி இறுகிக் கிடக்கும். ஊரே அதன்மேல் சறுக்கி விளையாடும். நள்ளிரவுக் குளிரில் விறகு பிளப்பதுபோல் ஓசை கேட்டாலும் பயப்பட வேண்டாம். கனத்த பனி சுருங்கும்போது எழும் சத்தம் அது.

என் கவலை வேறு இடத்தில். அந்த நகரத்துப் பனிச்சிற்பத் திருவிழாவுக்காக டிசம்பரில் இந்த ஆற்றிலிருந்தே பாளம் பாளமாகப் பனியை அறுத்து எடுக்கிறார்கள். அறுத்த இடத்தில் தண்ணீர் மறுபடியும் உறையும், ஆனால் மெல்லிய ஏடாக. அதன்மேல் ஒரு இரவு பனி பெய்துவிட்டால் சுற்றுப்புறத்துக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. அறுவடை நடந்த பக்கம் போகவே கூடாது. பாலத் தூண்களின் அடியிலும், கழிவுநீர் வந்து கலக்கும் இடங்களிலும் அப்படித்தான். நீரோட்டமும் வெதுவெதுப்பும் அடியிலிருந்து பனியை அரித்துக்கொண்டே இருக்கும். பால்வெள்ளையாகத் தெரியும் பனி, தெளிந்த பனியில் பாதி பலம்தான் தாங்கும்.

மார்ச்சில் கனத்தை நம்பவே முடியாது. வெயில் பட்டுப் பட்டுப் பனிக்கட்டி உள்ளுக்குள் ஊசி ஊசியாகப் பிரிந்துவிடும். பார்வைக்கு ஒரு முழம் கனம் இருக்கும், கால் வைத்தால் உதிரும்.

மகனிடம் தனியாகவோ இருட்டிலோ போகாதே என்று சொல்லுங்கள். கைப்பேசியைச் சட்டையின் உள்பையில் வைக்கட்டும், குளிரில் பேட்டரி சட்டென்று செத்துவிடும். ஒருவேளை பனி உடைந்து விழுந்தால், வந்த திசைக்கே திரும்ப வேண்டும். நடந்து வந்த பனி தாங்கியிருக்கிறது அல்லவா? இரு கைகளையும் பனிமேல் விரித்து, கால்களை உதைத்து, வயிறு படிய மேலே ஏற வேண்டும். ஏறியதும் எழுந்து நிற்காமல் உருண்டே விலக வேண்டும்.

மறுகரையிலுள்ள சூரியத் தீவுக்குப் போவதுதான் நோக்கம் என்றால், ஆற்றுக்கு மேலே கேபிள் கார் ஓடுகிறது.