போட்டதே தெரியக் கூடாது, அக்கா!

வாசகியர் கேள்விகளுக்கு தருமபுரி பார்லர் அக்காவின் பதில்கள்

கேள்வி: அக்கா, நான் தருமபுரியில் ஸ்கூல் டீச்சர். தினமும் ஸ்கூட்டியில்தான் போய் வருகிறேன். மேக்கப் போட்டது தெரியாமல் முகம் பளிச்சென்று இருந்தால் போதும். ஆனால் ஃபவுண்டேஷன் போட்டால் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். பிள்ளைகள் “மிஸ், இன்னைக்கு என்ன விசேஷம்?” என்று கேட்கிறார்கள்.

பதில்: பிள்ளைகள் கண்ணுக்குத் தப்ப முடியுமா! தினசரிக்கு உங்களுக்கு ஃபவுண்டேஷனே வேண்டாம், அதை எடுத்து பீரோவில் வையுங்கள், கல்யாணம் காட்சிக்கு ஆகும்.

காலையில் முகம் கழுவியதும் துண்டால் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள், ஈரம் கொஞ்சம் இருக்கும்போதே மாய்ஸ்சரைசர் போடுங்கள். நம் பக்கம் போர் தண்ணீர் உப்பு, சோப்பு சரியாக நுரைக்காது, கழுவினாலும் தோலில் ஒட்டிக்கொண்டு நிற்கும், அதனால்தான் பத்து மணிக்கெல்லாம் மூக்கோரம் வெள்ளை வெள்ளையாகப் பொரிகிறது. அதன் மேல் எதைப் போட்டாலும் திட்டுத் திட்டாகத்தான் தெரியும். அப்புறம் சன்ஸ்கிரீன், எஸ்.பி.எஃப். (வெயில் கதிரைத் தடுக்கும் அளவு) 30 இருந்தாலே போதும், 50-க்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது (30 என்பது சுமார் 97 சதவீதம் தடுக்கும், 50 என்பது 98). அளவுதான் முக்கியம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் நீளமாகக் கோடு இழுத்தால் வருகிற அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். நாம் போடுவது என்னவோ பட்டாணி அளவுதான்.

அது தோலில் இறங்க ஐந்து நிமிஷம் விட்டு, கருமையையும் தழும்பையும் மறைக்கிற க்ரீமான கன்சீலரை எடுங்கள். கண்ணின் உள்மூலையில் ஒரு புள்ளி, மூக்குத் துவாரத்தை ஒட்டி சிவந்திருக்கும் இடத்தில் ஒன்று, பருத் தழும்பு இருந்தால் அதன் மேல் மட்டும் ஒன்று. மோதிர விரலால் தட்டித் தட்டிப் பரப்புங்கள், தேய்க்கவே கூடாது, தேய்த்தால் கன்சீலர் அந்த இடத்தை விட்டு நகர்ந்து சுற்றிலும் வளையமாக நிற்கும். அந்தப் புள்ளியின் ஓரம் எங்கே முடிகிறது என்று உங்கள் கண்ணுக்கே தெரியாமல் போனால் நிறுத்திவிடலாம். கண்ணுக்குக் கீழே ரொம்பக் கருமை என்றால் அடியில் ஆரஞ்சு நிறக் கரெக்டர் ஒரு துளி, அதன் மேல் கன்சீலர். ஆரஞ்சு இல்லாமல் நேராக வெளிர் கன்சீலர் போட்டால் மாநிறத் தோலில் அந்த இடம் சாம்பல் பூத்துவிடும்.

பவுடர் நெற்றி நடுவில், மூக்கில், முகவாயில் மட்டும். கன்னத்தை விட்டுவிடுங்கள், அங்கே இருக்கிற லேசான மினுமினுப்புதான் ‘போடாத’ முகம் மாதிரி காட்டும். உதட்டுக்கு எடுத்த லிப்ஸ்டிக்கில் மிச்சம் விரலில் இருக்குமே, அதையே கன்னத்தின் மேல்பக்கம் தட்டினால் பிளஷ் ஆயிற்று. ஹெல்மெட் உரசும் நெற்றியிலும் கன்னத்தோரமும் எதுவும் போடாதீர்கள், சன்ஸ்கிரீனைத் தவிர. வேர்த்தால் டிஷ்யூவால் ஒற்றுங்கள், காம்பாக்ட்டை மேலே மேலே அடிக்க வேண்டாம்.

ஷேடு விஷயம். புறங்கையில் தடவிப் பார்த்து வாங்கினீர்கள், சரிதானே? கையும் முகமும் ஒரே நிறமில்லை. தாடையோரம் இரண்டு மூன்று ஷேடில் கோடு இழுத்து, கடை ட்யூப் லைட்டை நம்பாமல் வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எந்தக் கோடு தோலோடு காணாமல் போகிறதோ அதை வாங்குங்கள், அதுவும் ஒரு பத்து நிமிஷம் பொறுத்து, ஏனென்றால் சில ஃபவுண்டேஷன் காய்ந்ததும் ஒரு படி கருக்கும். “ஒரு ஷேடு வெளுப்பா எடுத்துக்குங்க மேடம்” என்று யார் சொன்னாலும் சிரித்துவிட்டு நகருங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் பென்னாகரம் பக்கம். சின்ன வயதிலிருந்தே பல்லில் பழுப்புக் கறை. லிப்ஸ்டிக் போட்டால் கறைதான் முதலில் தெரிகிறது, அதனால் சிரிக்கவே கூச்சமாக இருக்கிறது. எந்தக் கலர் போடலாம் அக்கா?

பதில்: கண்ணு, உன்னைப் போல் நம் மாவட்டத்தில் எத்தனையோ பேர். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம், லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டிய தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, பல் ஈறுக்குள் உருவாகும்போதே கறை ஏறிவிடுகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். நீ சரியாகப் பல் தேய்க்காததால் வந்தது இல்லை, அதை முதலில் மனதிலிருந்து எடு.

பழுப்பு, செங்கல் நிறம், ஆரஞ்சு, ‘நியூட்’ என்று விற்கிற வெளிறிய ஷேடுகள் எல்லாம் கறையை எடுத்துக் காட்டும். நீலம் கலந்த சிவப்பு, நாவல்பழச் சாயல், ரோஜா நிறம் இவை பல்லைக் கொஞ்சம் வெளுப்பாகக் காட்டும். பட்டையாகப் பூசாமல் உதட்டின் நடுவில் வைத்து விரலால் ஓரத்துக்குக் கலைத்துவிடு, மேலே கொஞ்சம் லிப் பாம். கறைக்குச் செங்கல் பொடி, கரி, எலுமிச்சை, உப்பு என்று தேய்க்காதே, பல்லின் மேல்பூச்சுதான் போகும், கறை அப்படியே நிற்கும். பல் மருத்துவரிடம் ஒரு தடவை காட்டு, மேலாகச் சுரண்டி எடுப்பது, ப்ளீச்சிங் என்று கறையின் ஆழத்தைப் பார்த்துச் செய்வார்கள். அதுவரைக்கும் சிரிப்பை நிறுத்தி வைக்காதே.

கேள்வி: என் மனைவி மேக்கப் எதுவும் போடாமலே அழகாக இருக்கிறார். மற்றவர்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு சாமான்? (ஊத்தங்கரை வாசகர்)

பதில்: அவர் போட்டிருக்கிறார் சார். உங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவு நன்றாகப் போடுகிறார்.

கேள்வி: கிருஷ்ணகிரியிலிருந்து எழுதுகிறேன். காலேஜ் போகும் என் மகள் மெடிக்கல் ஷாப்பில் ஒரு க்ரீம் வாங்கிப் போடுகிறாள். முகம் வெளுத்து வழவழவென்று இருக்கிறது, மேக்கப்பே வேண்டாம் என்கிறாள். ஆனால் நாலு நாள் விட்டால் சிவந்து எரிகிறதாம். போடலாமா?

பதில்: வேண்டாம்மா. அந்த ட்யூபில் பொடி எழுத்தில் போட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு, மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் முகத்தில் போடவே கூடாத சாமான். முதலில் எல்லாருக்கும் வெளுத்து அழகாகத்தான் இருக்கும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய் சிவப்புக் கோடாகத் தெரிய ஆரம்பிக்கும், பரு கொத்தாக வரும், மேல் உதட்டில்கூட முடி முளைக்கும். நிறுத்தினால் சிவந்து எரிகிறது, அந்தப் பயத்தில் மறுபடி போடுகிறார்கள், கடைசியில் விடவே முடிவதில்லை. திட்டாதீர்கள், ட்யூபையே கையில் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், எப்படி விடுவது என்று அவர் சொல்வார். முகம் ஆறும் வரை எங்கள் பார்லர் உட்பட எந்தப் பார்லர் பக்கமும் ஃபேஷியல், ப்ளீச் என்று போக வேண்டாம்.

கேள்வி: ஓசூரில் ஷிஃப்ட் வேலை. நைட் ஷிஃப்ட் முடிந்து வரும்போது கண்மை கன்னம் வரை இறங்கிவிடுகிறது.

பதில்: கீழ் இமைக்குள் போடாதே தங்கச்சி, மேல் இமை முடியை ஒட்டி மட்டும் மெல்லிசாக ஒரு கோடு போதும். கண் பெரிதாகவும் தெரியும், வழியவும் வழியாது. ஹாஸ்டலில் கண்மையை இரவல் கொடுக்காதே, வாங்காதே, மெட்ராஸ் ஐ அப்படியும் பரவும்.

கேள்வி: அரூரில் அடுத்த மாதம் எனக்கு நிச்சயதார்த்தம். சிம்பிளாகப் போதும் என்றால் பார்லரில் ‘போட்டோவில் டல்லா தெரியும்’ என்று பயமுறுத்துகிறார்கள். பொட்டு வைக்கும் இடத்தில் வேறு லேசாக வெளுத்திருக்கிறது.

பதில்: ட்ரையல் கேளுங்கள். முடித்ததும் ஃபிளாஷ் போட்டு ஒரு போட்டோ, வாசலில் நின்று ஃபிளாஷ் இல்லாமல் ஒரு போட்டோ. ஃபிளாஷில் முகம் மட்டும் மாவு பூசியது போல் வந்தால் வெள்ளைப் பவுடரோ, சன்ஸ்கிரீனில் உள்ள ஜிங்க், டைட்டானியமோ காரணம், அதை மாற்றச் சொல்லலாம். போட்டோவுக்காகக் கொஞ்சம் கூட்ட வேண்டியது புருவம், கண், உதடு மூன்றும்தான், பூச்சு இல்லை. த்ரெட்டிங்கை இரண்டு நாள் முன்பே முடித்துவிடுங்கள்.

பொட்டு இடம் வெளுப்பது பெரும்பாலும் ஸ்டிக்கர் பசையால். அதில் சேர்க்கும் ஒரு ரசாயனம் சிலருக்கு அந்த இடத்து நிறத்தையே அழித்துவிடும். இன்றைக்கே ஸ்டிக்கரை நிறுத்தி, குங்குமமும் இப்போதைக்கு வேண்டாம் என்று விட்டு, தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். நிச்சயத்தன்று ஐப்ரோ பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி, வெளுத்த இடத்துக்குக் கொஞ்சம் மேலே தள்ளி வைத்தால் போதும்.