பல் வெண்மையாக்கம்: நீல ஒளிக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: அடுத்த மாதம் எனக்குத் திருமணம். ஒரே அமர்வில் பற்களை வெண்மையாக்குவதாக ஒரு பல் மருத்துவமனையில் சொல்கிறார்கள்; நீல ஒளி சேர்த்தால் கட்டணம் அதிகம். எனக்கு ஏற்கெனவே குளிர்ந்த தண்ணீர் பட்டால் பல் கூசும். எனாமல் கெட்டுவிடுமா?

பதில்: ஒளியைப் பற்றிப் பிறகு பார்ப்போம், முதலில் கவனிக்க வேண்டியது உங்கள் கூச்சம். சொத்தை, விரிசல், ஈறு இறங்கி வேர்ப்பகுதி வெளியே தெரிவது என அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம் என்பதால், அதைப் பரிசோதித்துச் சரிசெய்யாமல் வெண்மையாக்கும் ஜெல் தடவ முன்வருகிறவரிடம் முன்பணம் கட்டாதீர்கள்.

மருத்துவமனை ஜெல்லில் பெரும்பாலும் 25 முதல் 40 விழுக்காடு வரை ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கும். அது எனாமலை ஊடுருவி, அடியிலுள்ள டென்டின் என்ற அடுக்கின் நிறப்பொருள்களைச் சிதைப்பதால்தான் பல் வெளுக்கிறது; டென்டினின் நுண்குழல்கள் வழியே பல்லின் நடுவே நரம்புள்ள பற்கூழை எட்டும்போது கூச்சமும் வருகிறது. முறையாகச் செய்தால் எனாமல் கரைந்துபோகாது. ஆனால் அமிலத்தன்மை மிகுந்த ஜெல் அதன் கனிமத்தை அரிக்கும். டென்டின் அதைவிட எளிதில் அரிபடும். ஆகவே ஜெல்லின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு, நடுநிலையான 7-ஐ ஒட்டியிருக்கிறதா, ஈறையும் வெளித்தெரியும் வேரையும் ரெசின் பூச்சால் மூடுவார்களா என்று கேளுங்கள்.

ஜெல்லின் மேல் பாய்ச்சும் நீல ஒளியால் நிலையான கூடுதல் வெண்மை கிடைப்பதாக ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. சூடு உண்டாக்கும் விளக்காக இருந்தால் பற்கூழுக்கும் நல்லதன்று. நானாக இருந்தால் அதற்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தரமாட்டேன்.

ஒரு மாதம் இருப்பதால், உங்கள் பல்லுக்கு அளவெடுத்து, உறைபோல் பொருந்தும்படி செய்த ட்ரேயில் 10 விழுக்காடு கார்பமைடு பெராக்சைடு ஜெல்லை இட்டு, மருத்துவர் மேற்பார்வையில் வீட்டிலேயே அணியும் முறை உங்களுக்குப் பொருந்தலாம். அதிலிருந்து வெளிப்படுவது ஏறத்தாழ 3.5 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடுதான். (ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல், ஹைட்ரஜன் பெராக்சைடு 6 விழுக்காட்டைத் தாண்டிய வெண்மையாக்கும் பொருள்களை அழகுசாதனமாக விற்க அனுமதியில்லை.) பொட்டாசியம் நைட்ரேட் கலந்த பற்பசையை இப்போதே தொடங்கினால் கூச்சம் குறையலாம்.

நாற்காலியிலிருந்து எழும்போது கண்ணாடியில் தெரியும் வெண்மையில் ஒரு பங்கு, பல் உலர்ந்ததால் வந்தது. ஓரிரு வாரத்தில்தான் உண்மையான நிறம் நிற்கும். எனவே திருமண வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். முன்பல்லில் அடைப்போ செயற்கைப் பல்லுறையோ (கேப்) இருந்தால் அது வெளுக்காது. நிறம் பொருந்த மாற்றுவதற்கான செலவு சொல்லப்பட்ட கட்டணத்தில் அடங்குமா என்பதையும், ஜெல்லின் பெயர், விழுக்காடு, ட்ரேயின் விலை ஆகியவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.