தருமபுரியில் இருந்துகொண்டு பௌத்த தீட்சைக்கு எப்படித் தயாராவது?

முதலில் எந்த தீட்சை என்று முடிவு செய்யுங்கள். இல்லறத்தார்க்கு அடிப்படை, மும்மணிகளை (புத்தர், தம்மம், சங்கம்) சரணடைவதும், பஞ்சசீலமும் (கொலை, திருட்டு, தவறான காமம், பொய், மது ஆகியவற்றை விலக்கும் ஐந்து ஒழுக்கங்கள்)தான். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அம்பேத்கர் அவற்றை ஏற்றபின், மக்களுக்கு 22 உறுதிமொழிகளையும் கொடுத்தார். அந்த வழியென்றால் இருபத்திரண்டையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

அதில் ஒன்று, சிராத்தமும் பிண்டமும் செய்வதில்லை என்பது. நம் பக்கத்தில் ஆடி அமாவாசைக்கு ஒகேனக்கல் போய் அப்பாவுக்குத் திதி கொடுக்கும் வீட்டில் இது பெரிய பேச்சு. தீட்சைக்கு முன்பே அம்மாவிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். நான் பேசினேன், இரண்டு மாதம் ஆனது. அவசரப்படாதது நல்லதாகப் போயிற்று.

சீலங்களை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. பாலி மொழியில் ஒவ்வொன்றும் 'சிக்காபதங் சமாதியாமி' என்று முடியும். 'இந்தப் பயிற்சியை ஏற்கிறேன்' என்று பொருள். அதனால் இப்போதே பழகலாம். மதுவை விட முடிகிறதா என்பது நான்காம் நாளே தெரிந்துவிடும். பொய்தான் கடினம்; கடனுக்கு வந்தவரிடம் 'அவர் வீட்டில் இல்லை' என்பதும் பொய்தானே? தவறினால் மறுபடி ஏற்றுத் தொடருங்கள். பௌர்ணமியன்று, பஞ்சசீலத்தைவிடக் கடுமையான எட்டு சீலம் காத்து, மதியத்துக்குப் பின் உண்ணாமல் இருந்து பாருங்கள்.

அப்புறம் சான்றிதழ் கவலை: பட்டியல் சாதியினர் பௌத்தரானாலும் அந்தத் தகுதி போகாது. 1990-இல் சட்டம் திருத்தப்பட்டது.