சூடானால் ஸ்டார்ட் ஆகாத பிக்கப்: பம்ப்பைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: என்னுடையது நான்கு சிலிண்டர் காமன் ரெயில் டீசல் பிக்கப். காலையில் ஒரே செல்ஃபில் எடுத்துவிடும். லோடு ஏற்றி இரண்டு மணி நேரம் ஓட்டிய பிறகு பத்து நிமிடம் நிறுத்தினால் போச்சு, பதினைந்து விநாடி செல்ஃப் அடித்தால்தான் எடுக்கிறது. ஒரு மணி நேரம் ஆறவிட்டால் சரியாகிவிடுகிறது. ஓடும்போது எந்தக் குறையும் இல்லை. பேட்டரி, குளோ பிளக், டீசல் ஃபில்டர் மூன்றும் மாற்றியாச்சு. அடுத்து ஹை பிரஷர் பம்ப்பை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். குளோ பிளக் குளிர்ந்த எஞ்சினுக்கு உதவுவது. அது கெட்டிருந்தால் காலையில்தான் தகராறு செய்யும். டீசல் லைனில் காற்று புகுந்தாலும் பெரும்பாலும் இரவு முழுக்க நின்ற வண்டிதான் படுத்தும். உங்கள் வண்டி இதற்கு நேர் எதிர். சூடு ஏறியதும் எது மாறுகிறது என்றுதான் தேட வேண்டும்.

முதலில் செல்ஃப் சத்தத்தைக் கேளுங்கள். காலையில் சுற்றும் அதே வேகத்தில் சுற்றுகிறதா, இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா? இழுத்தால் டீசல் பக்கமே போக வேண்டாம். தாமிரக் கம்பியின் மின்தடை 20 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போகும்போது கிட்டத்தட்ட 24 சதவீதம் கூடும். சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் வெந்துகொண்டிருக்கும் செல்ஃப் மோட்டாரில் புஷ்ஷும் கார்பனும் தேய்ந்திருந்தால் இதுவே போதும். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் முனையிலும், மற்றதை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரைக் கழற்றிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் நடுவே செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எடுக்கவில்லையா? டேஷ்போர்டில் ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது பெரும்பாலான வண்டிகளில் அது கொஞ்சமாவது எழும்பும். காலையில் எழும்பி, சூட்டில் அசையாமல் கிடந்தால், எஞ்சின் சுற்றுவதைக் கண்டு சொல்லும் கிராங்க் சென்சார்மேல் சந்தேகப்படலாம். உள்ளே இருக்கும் மெல்லிய காயிலில் விரிசல் விட்ட இடம் சூட்டில் விலகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். ஸ்கேனரில் கோளாறைக் காட்டும் கோட் விழாமலும் இருக்கலாம், அதனால் ஸ்கேனரை மட்டும் நம்பாதீர்கள்.

முள் ஒழுங்காக எழும்பினால் மிச்சம் இருப்பது ரெயில் பிரஷர், அதாவது பம்ப் தள்ளும் டீசல் இன்ஜெக்டர்களுக்குப் பிரியும் முன் சேரும் குழாயின் அழுத்தம். ஓடும்போது குறையே இல்லை என்கிறீர்களே, எனக்குச் சந்தேகம் அதிகம் இங்கேதான். ரெயிலில் சுமார் 200 பார் (அழுத்தத்தின் அளவு) ஏறினால்தான், எஞ்சினின் கணினியான இசியூ, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைத் திறக்கும் (இந்த அளவு வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும்). சூடான டீசல் நீர்த்துப் போகும். 40 டிகிரியில் இருக்கும் கெட்டித்தன்மை 80 டிகிரியில் ஏறக்குறைய பாதியாகிவிடும். தேய்ந்த இன்ஜெக்டர் வழியாக, தண்ணீர் மாதிரி ஆன அந்த டீசல், மிச்ச டீசலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் குழாய்க்கு ஓடிவிடுகிறது. எஞ்சின் 800 ஆர்பிஎம்மில் ஓடும்போது பம்ப் இந்தக் கசிவை ஈடுகட்டிவிடும். செல்ஃப் சுற்றும் 200 ஆர்பிஎம்மில் பம்ப் தள்ளுவதே கால் பங்குதான். வருவது அத்தனையும் கசிவுக்கே சரியாகிவிடும், பிரஷர் ஏறாது.

சூட்டில் செல்ஃப் அடிக்கும்போது ரெயில் பிரஷர் எவ்வளவு என்று ஸ்கேனரில் நேரடியாகப் பார்க்கலாம். 100, 120 என்று அங்கேயே தவித்தால் ரிட்டர்ன் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஓடுவது தெரியும் ஒரு டியூப் மாட்டி, ஒரே அளவுள்ள நான்கு பாட்டிலில் விட வேண்டும். வண்டியின் ரிட்டர்ன் லைன் வாயை அடைத்துவிட வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போதே இரண்டு நிமிடம் ஐடிலில் ஓடட்டும். நான் பார்த்த ஒரு வண்டியில் மூன்று பாட்டிலில் அடி நனைந்திருந்தது, அவ்வளவுதான். மூன்றாவது சிலிண்டரின் பாட்டில் மட்டும் பாதிக்கு மேல் நிரம்பி, நுரையோடு இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. அந்த ஒரு இன்ஜெக்டரைச் சரிசெய்ததும் சூட்டிலும் ஒரே செல்ஃபில் எடுத்தது. அங்கேயும் பம்ப்பைத்தான் மாற்றச் சொல்லியிருந்தார்கள். ஒன்று மட்டும் கவனம்: பியேசோ இன்ஜெக்டருக்கு (மின்சாரம் பட்டால் விரியும் படிகத்தால் திறக்கும் வகை) ரிட்டர்னில் குறிப்பிட்ட பிரஷர் தேவை, அதற்கு இந்த முறை ஒத்துவராது.

நான்கு பாட்டிலும் ஒரே மாதிரி, குறைவாக இருந்தால் அப்புறம் ரெயில் முனையிலுள்ள பிரஷர் வால்வைப் பாருங்கள். அதிலிருந்து ரிட்டர்ன் போகிறதா என்று குழாயைக் கழற்றினாலே தெரியும். அதுவும் சரியாக இருந்தால் மட்டும் பம்ப்.

தயவுசெய்து இரண்டு விஷயம் செய்யாதீர்கள். எஞ்சின் ஓடும்போதோ செல்ஃப் அடிக்கும்போதோ ஹை பிரஷர் பைப்பின் நட்டைத் தளர்த்திப் பார்க்காதீர்கள். ஓடும் எஞ்சினில் 1000 பாருக்கு மேலும் ஏறும் அந்தப் பிரஷரில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படி ஆனால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஏர் ஃபில்டரில் ஈதர் ஸ்ப்ரே அடித்தும் எடுக்கப் பார்க்காதீர்கள். குளோ பிளக் உள்ள எஞ்சினில் அது வெடித்து பிஸ்டனையே உடைக்கலாம்.

பெட்ரோல் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு: சாவியை ஆன் செய்து மூன்று விநாடி விட்டு ஆஃப் செய்யுங்கள். இப்படி மூன்று முறை செய்தபின் உடனே எடுத்தால், நிறுத்தியதும் லைனில் பெட்ரோல் பிரஷர் இறங்கிவிடுகிறது என்று அர்த்தம். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால்தான், அதுவும் கரும்புகையோடு எடுத்தால், இன்ஜெக்டர் ஒழுகி பெட்ரோல் அதிகமாகச் சேர்கிறது.

கடைசியாக, புது இன்ஜெக்டர் போட்டால் அதன் தலையில் அதற்கென்று ஒரு கோட் (எழுத்து, எண் குறியீடு) பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை ஸ்கேனர் வழியாக இசியூவில் ஏற்றிய பிறகே வண்டியை மெக்கானிக்கிடமிருந்து திரும்ப வாங்குங்கள். ஏற்றாமல் விட்டால் ஐடிலில் தட்டும், புகையும் வரும். புது இன்ஜெக்டரே கெட்டது என்று மறுபடி கழற்ற ஆரம்பித்துவிடுவார்கள்.