பெட்டி மாற்றுகிற வேலையா?

அன்புள்ள ஐயா,

களுவாஞ்சிகுடியில் கணிதப் பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறேன். விமான இலத்திரனியல் பராமரிப்புப் படிக்க ஆசை. "பழுதான கருவிப் பெட்டியைக் கழற்றிப் புதுப்பெட்டி பூட்டுகிற வேலைக்கு இத்தனை வருடப் படிப்பா?" என்று மாமா கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

ஒரு வாசகி

அன்புள்ள மகள்,

மாமா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. விமானம் அடுத்த பயணத்துக்குப் புறப்பட நிற்கும்போது பெட்டியைத் திறந்து பற்றாசு வைத்துக்கொண்டிருக்க முடியாது என்பதால், அங்கே பெட்டியைத்தான் மாற்றுவார்கள். எந்தப் பெட்டி, பழுது பெட்டியில்தானா என்று கண்டறிவதற்கே அந்த வருடங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு விமானத்தின் வானொலித் தொடர்பு ஆகாயத்தில் விட்டுவிட்டு அறுந்தது. தரையில் சோதித்தால் குறையே தெரியவில்லை. இரண்டு முறை பெட்டியை மாற்றியும் அதே முறைப்பாடு வந்தது. மூன்றாம் முறை வந்த மூத்தவர், பெட்டியை வெளியே இழுத்துவிட்டு, அது அமரும் தட்டின் பின்புறத்து இணைப்பியை டோர்ச் அடித்துப் பார்க்கச் சொன்னார். வரிசையாக நின்ற ஊசிகளில் ஒன்று மட்டும் அரை நெல்மணியளவு உள்ளே தள்ளியிருந்தது. தரையில் தொட்டுக்கொண்டிருந்த அது, பறக்கும்போது அதிர்வில் விலகியிருக்கிறது. நாங்கள் கழற்றிய இரண்டும் நல்ல பெட்டிகள்.

கருவிகளில் பழுதே இல்லாமல் விமானம் விழுந்ததும் உண்டு. 1996 ஒக்டோபர் 2 அன்று பெரு நாட்டின் லீமாவிலிருந்து நள்ளிரவுக்குப் பின் புறப்பட்ட ஏரோபெரு 603 விமானத்தில், கழுவும்போது நிலையழுத்தத் துளைகளின் மேல் ஒட்டிய நாடாவை அகற்றாமல் விட்டிருந்தார்கள். உயரமும் வேகமும் காட்டும் கருவிகள் அந்தத் துளைகள் வழியேதான் வெளிக்காற்றின் அழுத்தத்தை அறிகின்றன. இருட்டில், கடலுக்கு மேல், எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்பதே விமானிகளுக்குத் தெரியாமற்போய், 70 பேரும் இறந்தார்கள். பராமரிப்பு முடிந்ததென்று கையெழுத்திடுபவர் தம் கண்ணால் பார்த்திருக்க வேண்டியது ஒரு துண்டு நாடா.

ஐரோப்பிய விதிமுறையில் இத்துறைக்குரிய உரிமம் பி2. ஒவ்வொரு பாடத்திலும் நூற்றுக்கு 75 புள்ளி வேண்டும். அனுமதிபெற்ற நிலையத்தில் முழுப் பயிற்சி பெற்றவர்களுக்கும் 2 வருட வேலை அனுபவம், தொழிற்பயிற்சியே இல்லாதவர்களுக்கு 5 வருடம். மட்டக்களப்பில் விமான நிலையம் இருக்கிறதே, வீட்டிலிருந்து போய்வரலாம் என்று எண்ணிவிடாதீர்கள். பெரிய பராமரிப்புக் கொட்டகைகள் கட்டுநாயக்கவில் இருக்கின்றன. வழிகாட்டி நூல்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்பதால் வாசிப்பை இப்போதே பழகுங்கள்.

பெறுபேறு வரும்வரை ஆடலோட்டப் (ஏசி மின்னோட்டப்) பாடத்தையும் மீண்டும் எடுங்கள். நம் வீட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். பெரிய விமானங்களில் பெரும்பாலும் 115 வோல்ட், 400 ஹேர்ட்ஸ். ஹேர்ட்ஸில் அளக்கும் இந்த மீடிறன் கூடும்போது, மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் நிலைமாற்றிகளைச் சிறிதாகவும் பாரம் குறைவாகவும் செய்ய முடிவது ஏன் என்பதை மாமாவுக்கே விளக்கிப் பாருங்கள். எந்த இடத்தில் தடுமாறுகிறீர்களோ அங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்.