வேலையிடத்தில் சின்னப் பிள்ளையாகத் தெரிகிறேன், என்ன செய்வது? கேள்வி பதில்

வணக்கம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஆல்ட்ரேஷன் தையல் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஹோட்டல் முன்மேசையில் வேலை பார்த்தவள், அதனால் உடை விதி எவ்வளவு கெடுபிடியாக இருக்கும் என்று நன்றாகவே தெரியும். விதியையும் மீறக்கூடாது, வயதுக்குத் தக்க மரியாதையும் வேண்டும் என்று கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை.

அக்கா, எனக்கு 24 வயது, பேங்க் கவுண்டரில் இருக்கிறேன். யூனிபோர்ம் அவர்கள் கொடுத்ததுதான். வருகிறவர்கள் எல்லாம் "அடிக் (மலாயில் தம்பி, தங்கச்சி), மேனேஜர் இல்லையா?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். (செந்தூல்)

நிறத்தையும் மாடலையும் மாற்ற முடியாது தங்கச்சி, ஆனால் அளவைச் சரிசெய்ய எச்.ஆரில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள். யூனிபோர்ம் என்பது எஸ், எம், எல் என்று மொத்தமாகத் தைத்து வருவது, உங்கள் உடம்பை யாரும் அளந்து தைக்கவில்லை. கண்ணாடி முன் நின்று முதலில் தோளைப் பாருங்கள். கோட்டின் தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடிகிற இடத்தில் நிற்க வேண்டும், அது இறங்கிக் கையில் கிடந்தால் அப்பா சட்டையை எடுத்து மாட்டிய பிள்ளை மாதிரித்தான் தெரிவீர்கள், அப்புறம் எத்தனை மேக்கப் போட்டும் பயனில்லை. தோளைச் சரிசெய்வதுதான் எங்கள் வேலையிலேயே கஷ்டமானது. கையைக் கழற்றி, லைனிங்கைப் பிரித்து, மறுபடி வைத்துத் தைக்க வேண்டும், காசும் அதிகம். அதனால் தோள் சரியாக நிற்கிற சைஸைக் கேட்டு வாங்கிவிட்டு மற்றதை என்னைப் போன்றவர்களிடம் கொடுங்கள். கை மணிக்கட்டு எலும்பில் முடியட்டும். இடுப்புப் பக்கத் தையலைக் கொஞ்சம் உள்ளே பிடித்தால் போதும், இறுக்க வேண்டாம். பட்டன் போட்டதும் வயிற்றில் குறுக்கும் நெடுக்குமாகச் சுருக்கம் விழுந்தால் அதிகமாகப் பிடித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

"அடிக்" என்றதும் முகம் வாடாதீர்கள். "சொல்லுங்கள், நானே பார்க்கிறேன்" என்று நிதானமாகச் சொல்லிவிட்டுக் கையை நீட்டிப் பாரத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

சேம்பரிங்கில் (வழக்கறிஞர் பயிற்சியில்) இருக்கிறேன் அக்கா. கறுப்பு கோட், வெள்ளைச் சட்டை, வேறு வழியில்லை. ஆள் ஒல்லி. கோர்ட் வாசலில் என்னைக் கட்சிக்காரரின் மகன் என்று நினைத்துவிட்டார்கள். தாடி விடலாமா? (செராஸ்)

அடர்த்தியாக வளர்ந்தால் விடுங்கள் தம்பி. திட்டுத் திட்டாக வளர்கிற தாடி வயதைக் குறைத்துத்தான் காட்டும், அதற்குத் தினமும் சுத்தமாக மழிப்பதே மேல். ஒல்லியானவர்கள் எல்லோரும் ஒரு சைஸ் பெரிதாக எடுக்கிறீர்கள், உடம்பு நிறைவாகத் தெரியும் என்று நினைத்து. நடப்பது நேர் எதிர், கழுத்துக்கும் காலருக்கும் நடுவே இடைவெளி விழுந்து கழுத்து இன்னும் மெலிந்து தெரியும். மேல் பட்டனைப் போட்டால் உள்ளே இரண்டு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் போகக்கூடாது. கோட் கைக்கு வெளியே சட்டையின் கஃப் அரை அங்குலம் தெரியட்டும். பேன்ட் ஷூ மேல் லேசாக ஒரு மடிப்பு விழுந்தால் போதும், குவிந்து கிடக்கக் கூடாது.

வெள்ளைச் சட்டைக்குள் வெள்ளைப் பனியன் போட்டால் அப்படியே வெளியே தெரியும். உங்கள் தோல் நிறத்துக்குப் பக்கமான பழுப்பு பனியன் தேடி வாங்குங்கள். கடைகளில் 'ஸ்கின் கலர்' என்று எடுத்துக் கொடுப்பது நம்மில் பலருக்குப் பொருந்தாது. கறுப்புத் துணியில் நேரடியாக இஸ்திரி வைத்தால் முழங்கையும் பாக்கெட் ஓரமும் பளபளவென்று மின்ன ஆரம்பிக்கும், மேலே ஒரு பருத்தித் துணியைப் போட்டுத் தேயுங்கள். துவைத்ததை உள்பக்கம் வெளியே வரத் திருப்பி நிழலில் காயப் போடுங்கள், நம்மூர் வெயிலில் கறுப்பு சீக்கிரம் வெளுத்துவிடும்.

தமிழ்ப்பள்ளியில் பயிற்சி ஆசிரியை நான். உயரம் குறைவு, ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் சிலர் என்னைவிட உயரம். சேலை கட்டினாலும் பள்ளி நிகழ்ச்சிக்கு வேஷம் போட்ட மாதிரி இருக்கிறது. (பட்டர்வொர்த்)

டீச்சர், முதலில் ரவிக்கையைப் பார்ப்போம். அக்குள் வெட்டு கீழே இறங்கியிருந்தால் போர்டில் எழுதக் கையைத் தூக்கும்போது ரவிக்கை முழுவதும் கூடவே ஏறும், நீங்கள் அதை இழுத்துவிட்டுக் கொண்டே இருப்பீர்கள், வகுப்பு முழுக்க அதைப் பார்க்கும். அக்குளை மேலே ஏற்றித் தைக்கச் சொல்லுங்கள், கை மட்டும் தனியாக உயரும். கை நீளம் முழங்கைக்குச் சற்று மேலே, பின் கழுத்து ஆழமில்லாமல்.

கஞ்சி போட்ட விறைப்பான பருத்தி உங்கள் உயரத்துக்கு வேண்டாம், உடம்பை விட்டு விலகி நிற்கும். கிரேப், மெல்லிய சில்க் மாதிரி வழுக்கி விழுகிற துணி, சின்ன பார்டர். சுருக்கு வைத்த பாவாடைக்குப் பதிலாக இடுப்போடு ஒட்டி வருகிற கட் பாவாடை தைத்துக்கொள்ளுங்கள், பாதி பருமன் அங்கேயே குறைந்துவிடும். செருப்பைப் போட்டுக்கொண்டுதான் சேலை கட்ட வேண்டும், கொசுவத்தின் அடி செருப்பைத் தொட்டு நிற்க வேண்டும். கணுக்கால் தெரிந்தால் சேலை கட்டிப் பழகாத பிள்ளை என்று உடனே தெரிந்துவிடும். முந்தானையை மடித்துத் தோளில் ஊசி குத்துங்கள், பறக்க விட்டால் நாள் முழுக்க அதைப் பிடிக்கிற வேலைதான்.

பிள்ளைகள் உயரமாக இருப்பதை விடுங்கள், அதைச் சேலையால் மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டியதில்லை.

பவர் இல்லாத கண்ணாடி போட்டால் பெரியவளாகத் தெரியுமா?

கொஞ்சம் தெரியும். ஆனால் பவர் இல்லை என்று ஒருவருக்குத் தெரிந்தால் போதும், பேச்சாகிவிடும். எனக்கு இதில் விருப்பமில்லை.

அரசாங்க ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். வியாழக்கிழமை பாத்தேக் (மெழுகு வைத்துச் சாயம் தோய்த்த பூவேலைச் சட்டை) கட்டாயம். போட்டால் பண்டிகைத் திறந்த இல்ல விருந்துக்குப் போகிற பையன் மாதிரி இருக்கிறதாம். (கெப்போங்)

பெரிய பூ, பளீர் நிறம் எடுத்திருப்பீர்கள். கருநீலம், கரும்பழுப்பு மாதிரி அடி நிறத்தில் சின்ன வேலைப்பாடு எடுங்கள், முழுக்கை. பாக்கெட்டிலும் பட்டன் பட்டியிலும் பூ ஒன்றோடொன்று சேருகிறதா என்று பாருங்கள், நல்ல தையல்காரர் அதைச் சேர்த்துத்தான் வெட்டுவார். அடி நேராக வெட்டிய சட்டையை வெளியே விட்டுத்தான் போட வேண்டும், நீளம் பின்பாக்கெட்டின் பாதிக்கு வந்தால் போதும். அதற்குக் கீழே போனால் ஜிப்பா. பசார் செனி சந்தையில் மாடல் பார்த்துவிட்டு, ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் தெருவில் துணி எடுத்துத் தைத்துக்கொள்ளலாம்.

நான் வேலையை ஒழுங்காகச் செய்கிறேன். வயதாகத் தெரியவில்லை என்பதற்காக நான் ஏன் மாற வேண்டும்?

நியாயமான கோபம், எனக்கும் அது உண்டு, குறிப்பாக நம் பெண் பிள்ளைகளை "அம்மாவைக் கூட்டிவா" என்கிற தொனியில் பேசுகிறவர்களைப் பார்க்கும்போது. மாற்றச் சொல்லவில்லை. உங்கள் அளவுக்குத் தைக்காத உடுப்பை உங்கள் அளவுக்குக் கொண்டுவாருங்கள் என்கிறேன். நரைத்த மாதிரி காட்டு, அடர் லிப்ஸ்டிக் போடு, தங்கம் அடுக்கு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

முதல் சம்பளம் இன்னும் வரவில்லை அக்கா. ஒன்றே ஒன்று செய்யலாம் என்றால் எது?

பேன்ட் அடியைச் சரியான நீளத்துக்கு மடித்துத் தைத்துக்கொள்ளுங்கள். தையல் கடையில் மிகக் குறைந்த செலவில் முடிகிற வேலை அதுதான். ஆபீஸுக்குப் போடும் ஷூவையே போட்டுக்கொண்டு வாருங்கள், வீட்டுச் சிலிப்பரோடு வந்து அளவு கொடுத்தால் நீளம் தப்பாகும். கோட் சம்பளம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.